கனமில்லாத பணப்பை

லோகேஸ்வரனுக்கு ஐம்பத்தொரு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் டெக்னீஷியனாக இருந்தார். மின்பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், அவற்றுக்கான சோதனை நிரல்களைத் திருத்துவதும் அவர் வேலை. நிர்வாகம் அந்த உற்பத்தி வரிசையை வேறு நாட்டுக்கு மாற்றியபோது இயந்திரங்கள் கப்பல் ஏறின. அவர் கெலுகோரில் பதினோராவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பினார். பிறகு ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் மகன் வயதுப் பிள்ளைகள் அவரை மரியாதையாக ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பழைய சோதனை இயந்திரங்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் கேள்வி கேட்கும் இணையக் குழு ஒன்று இருந்தது. வேலையில்லாத பகல்களில் அவர் அங்கே பதில் எழுதிக்கொண்டிருந்தார். காசுக்காக அல்ல, கை சும்மா இருக்க முடியாததால். அங்கேதான் ஹன்னா வந்தாள். அர்ஜென்டினாவில் மருத்துவக் கருவிகளின் மின்பலகைகளைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை அவளுடையது. அவர் இருபத்து மூன்று வருடம் கட்டி அழுத அதே மாடல் இயந்திரத்தை ஏலத்தில் வாங்கிவிட்டு, அதைத் தயாரித்த கம்பெனியே கைவிட்டுவிட்ட பிறகு, உலகத்தில் யாருக்காவது இது தெரியுமா என்று கேட்டிருந்தாள். லோகேஸ்வரனுக்குத் தெரிந்தது. சும்மா சொல்லித்தந்தவரை அவள் விடவில்லை. வேலைக்குக் கூலி பேசினாள்.

முதல் இரண்டு தடவை பணம் வங்கி வழியாக வந்தது. மூன்றாவது தடவை ஏழு வாரம் எங்கேயோ நின்று, அவள் நாட்டு விதிகளுக்கும் இங்கே கேட்ட கேள்விகளுக்கும் நடுவில் அலைந்து, கட்டணம் கழிக்கப்பட்டு அவளிடமே திரும்பிப் போனது. நான்காவது வேலை பெரியது. நாலு வாரம், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தார். அப்போது ஹன்னா எழுதினாள்: ‘திரும்பி வந்த கூலியையும் சேர்த்து, இனி என்னால் பிட்காயினாகத்தான் அனுப்ப முடியும். உங்கள் கணினியில் ஒரு வாலட் வைத்துக்கொண்டு முகவரியை அனுப்புங்கள். மன்னிக்கவும்.’

வாலட் என்றால் பணப்பை. லோகேஸ்வரன் அந்தக் கடிதத்தை மூடிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். மனைவி ஜெயலெட்சுமி வேலைக்குப் போயிருந்தாள். இருந்தும் பார்த்தார். பிட்காயின் என்ற சொல்லை அந்த வீட்டில் ஆறு வருடமாக யாரும் உச்சரிப்பதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஜெயலெட்சுமியின் அண்ணன் அர்ஜுனன் ஒரு திட்டத்தோடு வந்தார். காசு போட்டால் அது பிட்காயினாக மாறும், தினமும் ஏறும், வெப்சைட்டில் கண்ணாலேயே பார்க்கலாம் என்றார். குடும்பத்தில் அநேகமாக எல்லாரும் போட்டார்கள். ஜெயலெட்சுமி தன் சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததையும், ஆஸ்பத்திரி வார்டில் இரட்டை ஷிப்ட் பார்த்துச் சேர்த்த கனத்த சங்கிலியையும் போட்டாள். ஒருநாள் அந்த வெப்சைட் திறக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. மகள் அதிரா ஜொகூரில் கடன் வாங்கித்தான் படிக்கிறாள்.

எனவே லோகேஸ்வரன் ஜெயலெட்சுமியிடம் சொல்லாமல் தொடங்கினார். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அதைத் தாங்கத் தெம்பில்லை.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது முழு வாலட். எதையும் அரைகுறையாகச் செய்வது பிடிக்காதவர். யாரையும் நம்ப வேண்டாம், உலகத்தில் இதுவரை நடந்த பிட்காயின் பரிமாற்றம் எல்லாவற்றையும் உன் கணினியே இறக்கி, தானே சரிபார்த்துக்கொள்ளும் என்று அதைப்பற்றி எழுதியிருந்தது. அது அவருக்குப் பிடித்தது. தட்டினார். மடிக்கணினியோ தொழிற்சாலை கழித்துப் போட்டபோது மலிவாக வாங்கியது. மூன்று நாள் அதன் விசிறி ஓய்வில்லாமல் இரைந்தது. விசைப்பலகை இட்லித்தட்டு போலச் சுட்டது. நாலாவது நாள், இடம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்குகூட இறங்கியிருக்கவில்லை. பழைய விவரங்களை அவ்வப்போது கழித்துவிட்டு இடத்தைச் சுருக்கிக்கொள்ளும் வழியும் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரு தடவை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த மெஷின் அதற்குள் செத்துவிடும்.

“என்னங்க, இந்த ரூமு ஏன் இப்படிச் சுடுது?” என்று அந்த மூன்று நாளில் ஒருமுறை ஜெயலெட்சுமி கேட்டாள்.

“விண்டோஸ் அப்டேட்டு” என்றார். பொய் இத்தனை சுலபமாக வந்ததே என்று அன்றெல்லாம் மனம் உறுத்தியது.

அடுத்தது கனமில்லாத வாலட். அது முழு வரலாற்றையும் சுமப்பதில்லை. உன் முகவரிக்கு ஏதாவது வந்ததா என்று வெளியே இருக்கும் சர்வர்களைக் கேட்டுக்கொள்ளும். பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவி மட்டும் உன்னிடம் இருக்கும். கேட்க எளிதாக இருந்தது. தேடிப் பார்த்தால் நாற்பது, ஐம்பது வாலட்டுகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் இலவசம், எல்லாம் பாதுகாப்பானது, எல்லாம் உலகத்திலேயே சிறந்தது.

ஜெயலெட்சுமி காலை ஷிப்டுக்குப் போன பிறகு, சோற்றுப் பானையை மின் அடுப்பில் வைத்துவிட்டு உட்காருவார். ஒன்று அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது. அவர் அதை மூடினார். இன்னொன்றில் பணத்தைக் காணவிடாமல் வண்ண வண்ணமாய் வேறு காயின்களின் விளம்பரம். அதையும் மூடினார். ஒன்று சின்னதாக, அழகாக இருந்தது. கடைசியாகத் திருத்தியது நாலு வருடத்துக்கு முன்னால். பராமரிப்பு இல்லாத இயந்திரத்தின் மேல் கை வைக்க அவருக்கு மனம் வராது. இன்னொன்றில் சாவியைக் கம்பெனியே வைத்துக்கொள்ளுமாம், நீங்கள் கவலையில்லாமல் தூங்கலாமாம். அர்ஜுனனின் வெப்சைட் நினைவுக்கு வந்து அதையும் மூடினார். கருத்துரைகளைப் படித்தால் ஒருவன் கையெடுத்துக் கும்பிடுகிறான், அடுத்தவன் சாபம் விடுகிறான். பதினொரு மணிக்கெல்லாம் கண் எரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பால்கனியில் போய் நிற்பார். கீழே கடல் பாலத்தில் காடிகள் கார் பின்னால் காராக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு முழு வாழ்க்கை வேலை செய்த மனுஷன் தன் கூலியை வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு பை தேடி இப்படி அலைய வேண்டியிருக்கிறதே என்று நினைப்பார். கோபம்கூட வராது. அலுப்புதான்.

ஒன்பதாவது நாள் ஒன்று மனதுக்குப் பட்டது. சாம்பல் நிறச் சன்னல், நாலே நாலு பொத்தான். தொழிற்சாலையில் அவர் பார்த்துக்கொண்ட இயந்திரங்களின் திரை போலவே அசிங்கமாக இருந்தது. பல வருடமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், அண்மையில்கூடத் திருத்தியிருக்கிறார்கள். கணினியில் ஒரு பாட்டு ஆல்பம் அளவுக்குக்கூட இடம் பிடிக்காது. சரி, இதுதான் என்று முடிவு செய்தார்.

அதன் பெயரைத் தேடும் கட்டத்தில் தட்டினார். முதலில் வந்த வரியை அமுக்கினார். இறக்கினார், நிறுவினார். சாவி தொலைந்தால் மீட்க என்று பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது. எழுதினார். கோப்பு அசல்தானா என்று கையொப்பம் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் கத்தியிருப்பார்.

ஹன்னாவுக்கு முகவரியை அனுப்பி, ‘முதலில் ரொம்பச் சின்னத் தொகையாக அனுப்பிப் பாருங்கள்’ என்று எழுதினார். அந்த ஒரு பழக்கம் மட்டும் அலுப்பிலும் அவரை விட்டுப் போயிருக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பணம் வந்தது. சாம்பல் திரையில் சின்ன எண் ஒன்று தெரிந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார். பாசாருக்குப் போய்ச் சீனன் கடையில் கெம்போங் மீன் வாங்கினார். திரும்பி வந்து பார்த்தபோது எண் இல்லை. பூஜ்ஜியம். அவர் தொடவே தொடாத பணம் பத்தே முக்காலுக்கு யாருடைய முகவரிக்கோ போயிருந்தது.

மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் செய்யாத வேலையை அப்போது செய்தார். மென்பொருளை எழுதியவர்கள் கோப்போடு ஒரு டிஜிட்டல் கையொப்பம் சேர்த்து வெளியிடுவார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது பொருந்தாது. பொருந்தவில்லை. தான் செய்த முறையில் பிழையோ என்று திரும்பச் செய்தார். பொருந்தவில்லை. மூன்றாவது தடவையும் அதே பதில். மூன்று தடவை ஒரே இடத்தில் தோற்றால் சோதிக்கும் இயந்திரத்தைச் சந்தேகிக்காதே, பலகையைச் சந்தேகி என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தான் இறக்கிய பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. முதலில் வந்த அந்த வரி, காசு கொடுத்து மேலே நிற்கவைத்த விளம்பரம். நிறம், பொத்தான், படம் எல்லாம் அசலின் அச்சு. திருடன் தயாரித்த பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இணையத்தைத் துண்டித்தார். ‘இனி எதுவும் அனுப்ப வேண்டாம், தப்பு என்னுடையது’ என்று கைப்பேசியிலிருந்து ஹன்னாவுக்கு எழுதினார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மீனைக் கழுவி ஐஸ் பெட்டியில் வைத்தார். பிறகு காடிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பும்வரை எங்கே போகிறோம் என்பதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அர்ஜுனன் இப்போது நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றிவரும் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை செய்தார். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. லோகேஸ்வரனைக் கண்டதும் அர்ஜுனன் எடைச் சீட்டுகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு விரைந்து வந்தார்.

“என்ன மச்சான், யாரும் தவறிட்டாங்களா?”

“இல்ல மச்சான். ஒரு கோப்பி குடிக்கலாமா?”

எதிரே தகரக் கூரைபோட்ட கடை. அர்ஜுனனின் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. பால் சேர்க்காத கோப்பி ஓ இரண்டு வந்தது.

“பிட்காயின்” என்றார் லோகேஸ்வரன்.

அர்ஜுனன் உதட்டருகே கொண்டுபோன கிளாஸை அப்படியே கீழே வைத்தார். “வேணாம் லா மச்சான். என்னாத்துக்கு என்கிட்ட வந்து?”

“வேற யாருகிட்ட சொல்றது?”

லோகேஸ்வரன் எல்லாவற்றையும் சொன்னார். ஹன்னா, மூன்று நாள் சுட்ட கணினி, சாம்பல் நிற வாலட், கூடுதலாக இருந்த ஓர் எழுத்து.  முடிந்ததும் அர்ஜுனன் கேட்டார்.

“நெஜமாவே காயின் வந்துச்சா? உன் வாலட்டுக்கு?”

“வந்துச்சு. ரெண்டு மணி நேரம்கூட நிக்கல.”

“பரவால்ல லா. ஒனக்கு நெஜக் காயின் போயிருக்கு. நம்ம கதையில காயினே கிடையாது மச்சான். ஒரு வெப்சைட்டு, அதுல ஒரு நம்பர். தெனம் ஏறும். அவ்ளோதான். போலீஸ் ஸ்டேஷன்ல ரிப்போர்ட் எழுதப் போனேன்ல, அந்த இன்ஸ்பெக்டர் கேட்டாரு, ஒன் கீ எங்கன்னு. நான் பாக்கெட்டுல இருந்து காடிச் சாவிய எடுத்துக் காட்டுனேன்.” அவர் சிரிக்க முயன்றார். “வாலட்டு, சாவின்னு ஒன்னு இருக்குங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நாப்பது பேருகிட்ட காசு வாங்கிக் கட்டுனவன் நான்.”

 ஒரு லாரி எடைமேடையில் ஏறி நின்று ஹாரன் அடித்தது.

“ஜெயாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“இன்னிக்கே சொல்லிரு.” அர்ஜுனன் மேசையைப் பார்த்தபடி பேசினார். “நான் சொல்லல. அந்த வெப்சைட்டு ஆட ஆரம்பிச்சப்பவே எனக்கு டவுட்டு. மூனு மாசம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. சரியாயிரும், சரியாயிரும்னு. காசு போனதுக்கு அவ என்னை மன்னிச்சிருப்பா. அந்த மூனு மாசத்துக்குத்தான் மன்னிக்கல.”

எழுந்து போகும்போது, “அவ கால் வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“அப்படியேதான்.”

“ம்.” அர்ஜுனன் எடைமேடைக்கு நடந்தார்.

ஜெயலெட்சுமி மூன்றரை மணிக்கு வந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் மூத்த தாதி. வந்தவுடன் ஒரு பேசினில் வெந்நீரும் உப்பும் போட்டுக் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். லோகேஸ்வரன் எதிரே சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒன்னு சொல்லணும். முழுசா கேட்டுட்டுப் பேசு.”

அவள் முழுதாகக் கேட்டாள். பிட்காயின் என்ற சொல் வந்ததும் கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். துடைக்கவில்லை. அவர் நிபோங் திபால் போனதையும் மறைக்காமல் சொன்னார்.

“எவ்ளோ போச்சு?”

“ரெண்டு பேரு நாசி கண்டார் சாப்பிடற காசு.”

“விண்டோஸ் அப்டேட்டுன்னீங்க.”

“ஆமா.”

அவள் பேசினைத் தூக்கிக் குளியலறையில் ஊற்றினாள். அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் பேசவில்லை. சமைத்தாள், தட்டில் போட்டாள், அவருடைய இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஹன்னாவிடமிருந்து பதில் வந்திருந்தது. மிச்சத்தை அனுப்பவில்லை, நல்லவேளை. போன சின்னத் தொகையைப் பெரிதுபடுத்த வேண்டாம். நீங்கள் தயாரானதும் சொல்லுங்கள். லோகேஸ்வரன் ஒரு பதிலை எழுதி அனுப்பாமல் வைத்திருந்தார். ‘இந்த வேலைக்குக் கூலி வேண்டாம். என் நட்பின் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.’

மூன்றாவது நாள் ஜெயலெட்சுமிக்கு ஓய்வு நாள். காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அந்தப் பொம்பள மிச்சக் காச அனுப்பலியா?”

“வேணாம்னு எழுதி வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“எனக்கு முடியல ஜெயா. ஒவ்வொன்னையும் சந்தேகப்பட்டு, படிச்சு, செக் பண்ணி... அப்படியும் ஏமாந்தேன். போதும்னு இருக்கு.”

“நாலு வாரம் முதுகுல தலைகாணி வச்சுக்கிட்டு உக்காந்தீங்க. ராத்திரி புரண்டு படுக்க முடியாம முனகுனீங்க. தைலம் தேச்சது நான்.” கத்தியைக் கீழே வைத்தாள். “அண்ணன் கொண்டாந்தது சும்மா வர்ற காசு. அதுக்கு ஆசப்பட்டது நானும்தான். இது அப்படியா? இது ஒங்க சம்பளம். இத ஏன் விடணும்?”

அவள் வெங்காயத் தட்டைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனாள்.

“அன்னிக்கு அண்ணன் சொன்னப்ப நான் ஒரு கேள்வி கேக்கல. தலைய ஆட்டுனேன். இப்ப கேக்கறேன். வாங்க, உக்காருங்க. இந்தக் காசு எங்க இருக்கும்?”

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“காசு கம்ப்யூட்டருக்குள்ள இருக்காது. யாருகிட்ட எவ்ளோ இருக்குன்னு ஒரு பெரிய பேரேடு, உலகம் பூரா பல பேரு காப்பி வச்சிருக்கான். அதுல நம்ம பேர்ல இருக்கறத நகத்தற சாவிதான் நம்மகிட்ட.”

“கம்ப்யூட்டரு கெட்டுப்போனா?”

“பன்னெண்டு வார்த்தை பேப்பர்ல இருக்கும். வேற கம்ப்யூட்டர்ல போட்டா திரும்ப வந்துரும்.”

“இந்த வாலட்டு பண்ணவன் கடைய மூடிட்டா?”

“அதே வார்த்தைய வச்சு வெளிய எடுக்க வழி இருக்கு. சாவி அவன்கிட்ட இல்ல.”

“அப்ப அந்தப் பேப்பர எவனாச்சும் பாத்துட்டா?”

“காசு அவனோடது. அவ்ளோதான்.”

“சின்ன வாலட்டுன்னீங்களே. அந்தப் பெருசுல இல்லாதது என்ன இதுல?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “பெருசு எல்லாத்தையும் தானே செக் பண்ணும். இது வெளிய ஒரு சர்வரக் கேக்கும். கேக்கும்போது, நம்ம முகவரி எது, அதுல எவ்ளோ இருக்குன்னு அந்த சர்வர்காரனுக்குத் தெரியும். பாக்கலாம், எடுக்க முடியாது.”

“பாக்கறவன் பாத்துட்டுப் போறான். நம்மகிட்ட என்ன கொட்டிக் கெடக்கு.” வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஒங்களுக்கு ஒன்னு ஆயிட்டா?”

“என்ன?”

“பிரஷர் இருக்குல்ல. ஒங்களுக்கு ஒன்னு ஆயிட்டா நான் எப்படி எடுப்பேன்?”

பத்து நாள் படித்ததில் அந்த ஒரு கேள்வி லோகேஸ்வரன் மனதில் வரவே இல்லை.

“நீயும் கத்துக்கணும்” என்றார்.

“அப்ப என்னையும் வச்சுக்கிட்டுச் செய்யிங்க.”

மடிக்கணினியை முதலில் முழுக்கத் துடைத்தார். திருடனின் கோப்பு வேறு என்னென்ன செய்ததோ தெரியாது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் வங்கியினுடையதையும் ஜெயலெட்சுமியின் கைப்பேசியிலிருந்து மாற்றினார். அதற்கே ஒரு நாள் போயிற்று. வாலட்டை மாற்றவில்லை. அதே சாம்பல் நிற வாலட்தான். அதைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை, போன வழிதான் பிழை என்று அவர் சொன்னபோது ஜெயலெட்சுமி, “பேஷண்ட் சரி, பெட்டு தப்பு” என்றாள். அந்த நாலைந்து நாளில் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

இந்தத் தடவை தேடவில்லை. வாலட் தளத்தின் முகவரியை அவரே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், அவள் பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். கோப்பை இறக்கினார். கையொப்பமிட்டவரின் அடையாள எண்ணை மூன்று வெவ்வேறு இடங்களில் தேடி எடுத்து ஒப்பிட்டார். நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரி. அவர் படிக்க, அவள் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தாள். பாதியில் அவருக்குக் கண் கலங்கி வரி மாறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. முடிவில் திரையில் வந்த பதிலில் ‘நல்ல கையொப்பம்’ என்ற பொருளில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

வாலட் திறந்து பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தது. லோகேஸ்வரன் பேனாவை எடுத்தார். ஜெயலெட்சுமி பிடுங்கிக்கொண்டாள்.

“ஒங்க கையெழுத்த டாக்டரே படிக்க முடியாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். எழுதிட்டுத் திருப்பிப் படிப்பேன், நீங்க ஸ்க்ரீனப் பாக்கணும், என்னப் பாக்கக் கூடாது.”

வார்டில் டாக்டர் போனில் மருந்து சொன்னால் தாதி எழுதி, திருப்பிப் படித்து, அவர் சரி என்ற பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். முப்பது வருடப் பழக்கம். லோகேஸ்வரன் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சொன்னார், அவள் பெரிய எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தாள். ஏழாவது சொல் ‘டயர்ட்’. களைப்பு.

அவள் பேனாவை நிறுத்தினாள். “இத யாரு போட்டது? நம்ம வீட்டப் பாத்துப் போட்டானா?”

“கம்ப்யூட்டரு தானா பொறுக்கறது.”

“நல்லாத்தான் பொறுக்கியிருக்கு” என்றாள். சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு அவர் செய்தது ஜெயலெட்சுமிக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அப்போதுதான் உண்டாக்கிய வாலட்டை அழித்தார். காகிதத்தை அவளிடம் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

“இப்ப நான் இல்லன்னு வச்சுக்க. நீயே திரும்பக் கொண்டா.”

அவள் அவரை முறைத்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு விரலால் தட்டத் தொடங்கினாள். முதல் தடவை ஒரு சொல்லில் எழுத்து விட்டுப்போயிற்று. இரண்டாவது தடவை வாலட் திறந்தது. பணம் பெறும் முகவரி, அழிக்கும் முன் அவர் எழுதி வைத்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அவர் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

ஹன்னாவுக்குப் புது முகவரி போனது. மறுபடி ஒரு சின்னத் தொகை வந்தது. அன்று முழுதும் அதைத் தொடாமல் விட்டார்கள். மறுநாளும் இருந்தது. அதற்கும் மறுநாள், அதிலிருந்து கொஞ்சத்தை ஹன்னாவுக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தார். வாங்கத் தெரிந்த பை கொடுக்கவும் வேண்டுமே. போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மிச்சத்தை அனுப்பச் சொன்னார். அது வந்து சேர்ந்த அன்று வீட்டில் யாரும் குதிக்கவில்லை. ஜெயலெட்சுமி இரண்டு தடவை திரையைப் பார்த்துவிட்டு, சரி, வெள்ளியாக, நம் நாட்டுப் பணமாக மாற்றுங்கள் என்றாள். அரசாங்கத்தில் பதிவுபெற்ற பரிமாற்றத் தளம் ஒன்றில் மாற்றி வங்கிக்குக் கொண்டுவர இன்னும் ஐந்து நாள், இன்னும் நாலு படிவம், கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் ஒரு புகைப்படம். வந்தது. அதிராவின் கல்லூரிக்குப் போனது.

ஹன்னாவின் பட்டறையிலிருந்து மாதம் ஒரு வேலையாவது இப்போது வருகிறது. பிட்காயினை வைத்துக்கொண்டால் ஏறுமே என்று ஒருநாள் லோகேஸ்வரன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஜெயலெட்சுமி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. வரும் கூலி வந்த வாரமே வெள்ளியாகிவிடும். அண்ணனோடு அவள் இன்னும் பேசவில்லை. ஆனால் போன வாரம் ஒருதடவை, நிபோங் திபாலில் அந்த ஆலைக்குப் பக்கத்தில் நல்ல கிளினிக் இருக்கிறதா, அண்ணனின் சர்க்கரை நோயை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். லோகேஸ்வரனுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நேற்று மத்தியானம் வாலட்டைத் திறந்தபோது மூலையில் ஒரு வரி மின்னியது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, இறக்கிக்கொள்ளவும்.

லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். மறுபடி தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். மறுபடி அடையாள எண், மறுபடி கையொப்பம்.

“ஜெயா” என்று கூப்பிட்டார். “சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் இருக்குமா?”

“கால் வலிக்குது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நாளைக்குக் காலையில லா.”

சரி என்று மடிக்கணினியை மூடினார்.